எலக்ட்ரானுக்கு ஆசை கிடையாது
வேதியியல் கேள்வி பதில்

இந்த முறை அணு அமைப்பு பற்றிய கேள்விகள் மட்டும் என்று அறிவித்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆசிரியர்கள் எழுதியவை. முப்பத்தொரு ஆண்டுகள் இதே பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எனக்கு இதில் வியப்பில்லை. இந்தப் பாடத்தில் மாணவன் குழம்பினால் எழுந்து கேட்டுவிடுவான். ஆசிரியர் குழம்பினால் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு படம் போட ஆரம்பித்துவிடுவார். நான் நிறையப் படம் போட்டிருக்கிறேன்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் போர் அணு மாதிரியை நடத்துகிறேன். சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல எலக்ட்ரான்கள் வட்டப்பாதையில் சுற்றுகின்றன என்கிறேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகளிடம் இன்னோர் ஆசிரியர், "அதெல்லாம் தவறு, எலக்ட்ரான் இருக்க வாய்ப்புள்ள பகுதியைக் காட்டும் ஆர்பிட்டால்தான் சரி" என்கிறார். தவறு என்று தெரிந்ததை முதலில் எதற்கு நடத்த வேண்டும்?
(ஓர் அறிவியல் ஆசிரியர்)

பதில்: நடத்துங்கள். ஆனால் வட்டத்திலிருந்து தொடங்காதீர்கள், கோட்டிலிருந்து தொடங்குங்கள்.

ஹைட்ரஜன் நிரப்பிய குழாயில் மின்சாரம் பாய்ச்சி, வரும் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் வானவில்போல எல்லா நிறமும் தொடர்ச்சியாக இருக்காது. கறுப்புப் பின்னணியில் நான்கு கோடுகள்தான் கண்ணுக்குத் தெரியும்: 656 நானோமீட்டரில் சிவப்பு, 486-இல் நீலப்பச்சை, 434-இல் கருநீலம், 410-இல் ஊதா. இந்த நான்கு எண்களையும் பலகையில் எழுதிவிட்டு, "இவற்றுக்குள் ஏதாவது ஒழுங்கு தெரிகிறதா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். ஐந்து நிமிடம் வகுப்பு தவிக்கட்டும்.

1885-இல் அந்த ஒழுங்கைப் பிடித்தவர் பெரிய ஆய்வுக்கூடத்தில் இருந்தவர் அல்லர். ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் பெண்கள் பள்ளியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த யோகான் பால்மர். அப்போது அவருக்கு வயது 60. (ஓய்வு பெறும் வயதில் இருக்கும் ஆசிரியர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம்.) 364.5 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 3-இன் வர்க்கம் 9. 9-ஆல் பெருக்கி, 9-இலிருந்து 4-ஐக் கழித்த 5-ஆல் வகுத்தால் 656. அடுத்து 16-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 486. பிறகு 25-ஆல் பெருக்கி 21-ஆல் வகுத்தால் 434. நான்காவது கோட்டைப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும். விடை 410 என்று வரும்போது வகுப்பில் எழும் சத்தத்துக்காகவே நான் ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பாடத்துக்குக் காத்திருப்பேன்.

முழு எண்கள் எதற்காக ஒளிக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன? 28 ஆண்டுகள் இதற்கு யாரிடமும் காரணம் இல்லை. 1913-இல் நீல்ஸ் போர் சொன்னார்: அணுவுக்குள் எலக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட சில ஆற்றல் மட்டங்கள்தான் உண்டு, ஒரு மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு இறங்கும்போது அந்த வித்தியாசம் ஒளியாக வெளிவருகிறது. ஹைட்ரஜனில் அந்த மட்டங்கள் எலக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றல் அலகில் −13.6, −3.4, −1.51, −0.85 என்று போகும். மேலே போகப்போகப் படிகள் நெருங்கிவிடும் ஏணி இது.

ஆகவே போர் மாதிரிக்குள் இரண்டு சரக்குகள் இருக்கின்றன. ஒன்று ஆற்றல் மட்டம். அது இன்றும் அசையாமல் நிற்கிறது. இன்னொன்று வட்டப்பாதை, இரண்டே எலக்ட்ரான் உள்ள ஹீலியத்திடமே அது தோற்றுவிட்டது. நாம் செய்யும் பிழை, போகப்போகிற சரக்கை வண்ணச் சாக்குக்கட்டியால் பெரிதாக வரைந்துவிட்டு, நிற்கப்போகிற சரக்கை ஓரத்தில் ஒரு வரியாக எழுதுவது. ஒன்பதாம் வகுப்பிலேயே ஏணியை வரையுங்கள். வட்டத்தையும் வரையலாம், ஆனால் வரையும்போதே "இது நம் வசதிக்கான படம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அப்படிக் கேட்ட பிள்ளையிடம் இரண்டு ஆண்டு கழித்து வரும் ஆசிரியர் எதையும் "தவறு" என்று அழிக்க வேண்டியிருக்காது.

அந்தப் படம் அளவிலும் பொய்தான். ஹைட்ரஜனின் புரோட்டானை ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள புள்ளியாகப் போட்டால், போரின் முதல் வட்டத்தை ஏறத்தாழ 63 மீட்டர் தள்ளிப் போட வேண்டும். வகுப்பறைக்கு வெளியே, மைதானத்தின் நடுவில். இதெல்லாம் தெரிந்த நானே, காம்பஸ் வைத்து வட்டம் போடாத பிள்ளைகளுக்கு அரை மதிப்பெண் குறைத்த காலம் உண்டு.

கேள்வி: வேகமாகச் சுழலும் மின்விசிறியில் இறக்கைகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரு தட்டுபோலத் தெரிகிறது அல்லவா, எலக்ட்ரான் மேகமும் அப்படித்தான் என்று விளக்குகிறேன். மாணவர்களுக்கு உடனே புரிந்துவிடுகிறது. இந்த உவமை சரிதானே அம்மா?
(மேல்நிலைப் பள்ளி ஆசிரியை)

பதில்: உடனே புரிந்துவிடுகிறது, அதுதான் சிக்கல். பதினொரு ஆண்டுகள் நானும் மின்விசிறியைத்தான் காட்டினேன். ஒரு நாள் பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "நல்ல கேமராவில் படம் எடுத்தால் இறக்கை நின்ற இடம் தெரியுமே டீச்சர்? எலக்ட்ரானையும் அப்படி எடுத்தால் எங்கே சுற்றுகிறது என்று தெரிந்துவிடும்தானே?" என்று கேட்டான். நான் கேமரா அவ்வளவு வேகமாக இருக்காது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது. அவன் என் உவமையைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறான். உவமைதான் கோணல். மின்விசிறி இறக்கை ஒவ்வொரு கணமும் ஓரிடத்தில் இருக்கிறது, ஒரு பாதையில் போகிறது. நம் கண்தான் மந்தம். எலக்ட்ரான் விஷயத்தில் மந்தம் கண்ணில் இல்லை. நாம் தொடரத் தவறிய பாதை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

அதற்குப் பிறகு கோலிக்குண்டுக்கு மாறினேன். ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் ஆறு வளையங்கள் வரைந்து, மேலே கார்பன் தாளைக் கவிழ்த்து, நடுப்புள்ளியைக் குறிவைத்துத் தோள் உயரத்திலிருந்து கோலிக்குண்டை நூறு முறை போடச் சொல்வேன். இரண்டு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு பாடவேளை போதும். கடைசியில் கார்பனை எடுத்தால் தாளில் ஒரு மேகம் இருக்கும். நடுவில் அடர்த்தி, வெளியே போகப்போக நீர்த்துப்போன புள்ளிகள்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. ஒவ்வொரு வளையத்திலும் எத்தனை புள்ளி என்று எண்ணச் சொல்லுங்கள். புள்ளிகள் மிக நெருக்கமாக இருப்பது நடுவில். ஆனால் எண்ணிக்கை அதிகம் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது வளையத்தில். காரணம் எளிது. முதல் வளையத்தைவிட இரண்டாவதன் பரப்பு மூன்று மடங்கு, மூன்றாவதன் பரப்பு ஐந்து மடங்கு. இதே கதைதான் ஹைட்ரஜனின் 1எஸ் ஆர்பிட்டாலிலும் (எண் ஆற்றல் மட்டத்தையும் எழுத்து ஆர்பிட்டாலின் வடிவத்தையும் குறிக்கும்). எலக்ட்ரான் அடர்த்தி உச்சமாக இருப்பது அணுக்கரு இருக்கும் இடத்திலேயே; ஆனால் "எவ்வளவு தூரத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்?" என்று கேட்டால் விடை 53 பிக்கோமீட்டர், அதாவது போர் வட்டம் போட்ட அதே தூரம். முரண்போலத் தோன்றும் இந்த இரண்டையும் பன்னிரண்டாம் வகுப்பு வரைகூடக் குழப்பிக்கொள்கிறார்கள். கோலிக்குண்டு போட்ட பிள்ளைகள் குழப்பிக்கொள்வதில்லை.

அந்த 53 பிக்கோமீட்டருக்குள் எலக்ட்ரான் அகப்படும் வாய்ப்பு 32 சதவீதம்தான் என்பதையும் சொல்லிவிடுங்கள். 90 சதவீதம் வேண்டுமென்றால் 141 பிக்கோமீட்டர் வரை போக வேண்டும். புத்தகத்தில் ஆர்பிட்டாலுக்குப் போட்டிருக்கும் அழகான வெளிக்கோடு இப்படி நாமாக ஒரு சதவீதத்தைத் தேர்ந்து இழுத்த கோடு. அங்கே தோலோ ஓடோ எதுவும் இல்லை.

கோலிக்குண்டிலும் ஓட்டை உண்டு. குண்டு விழுவதற்கு முன்னும் அது எங்கோ ஓரிடத்தில் இருந்தது. அந்த ஓட்டையையும் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பின்வரிசைப் பையன் கண்டுபிடித்துவிடுவான்.

கேள்வி: பி ஆர்பிட்டாலுக்கு இரண்டு மடல்கள். நடுவில் இருக்கும் கணுத்தளத்தில் எலக்ட்ரான் இருக்கவே வாய்ப்பில்லை என்கிறார்கள். அப்படியானால் ஒரு மடலிலிருந்து இன்னொரு மடலுக்கு அது எப்படிக் கடக்கிறது? ஆசிரியரிடம் கேட்டேன், "இது பாடத்திட்டத்தில் இல்லை" என்றார்.
(பதினொன்றாம் வகுப்பு மாணவி)

பதில்: மகளே, பாடத்திட்டத்திலேயே மிக நல்ல கேள்வி இதுதான்.

இழுத்துக் கட்டிய ஒரு தந்தியை நினைத்துக்கொள். சரியாக நடுவில் விரலால் லேசாகத் தொட்டுக்கொண்டு மீட்டினால் தந்தி இரண்டு பாதிகளாக அதிரும். இடது பாதி மேலே போகும்போது வலது பாதி கீழே. நடுப்புள்ளி மட்டும் அசையாது. இப்போது யாராவது உன்னிடம், "இடது பாதி அதிர்வு நடுப்புள்ளியைத் தாண்டி எப்படி வலது பாதிக்குப் போயிற்று?" என்று கேட்டால் என்ன சொல்வாய்? அது போகவில்லை, முழுத் தந்தியும் ஒரே நேரத்தில் அப்படி அதிர்கிறது என்பாய். அதுதான் உன் கேள்விக்கும் பதில். 2பி என்பது எலக்ட்ரான் குடியிருக்கும் இரண்டு அறைகள் அல்ல. இரண்டு மடலும் சேர்ந்த ஒரே நிலை. எலக்ட்ரான் கடப்பதில்லை, ஏனென்றால் கடக்கும் பந்தாக அது அங்கே இல்லை.

இது கவிதையா அறிவியலா என்று சந்தேகம் வரும். எலக்ட்ரானுக்கு அலைத்தன்மை உண்டு என்று 1924-இல் லூயி டி பிராய் எழுதினார். 1927-இல் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தின் மீது எலக்ட்ரான்களை அடித்து, அலைகள் செய்வதைப்போலவே அவை விளிம்பு விலகுவதைக் கண்டார்கள். மெல்லிய உலோகத் தகடுகளில் இதையே காட்டியவர் ஜி.பி. தாம்சன். அவருடைய தந்தைதான் 1897-இல் எலக்ட்ரானைத் துகளாக அடையாளம் கண்ட ஜே.ஜே. தாம்சன். தந்தைக்கு 1906-இல் நோபல் பரிசு, மகனுக்கு 1937-இல்.

ஒரு சிறு எச்சரிக்கை: மடல்களின் மேல் போட்டிருக்கும் கூட்டல், கழித்தல் குறிகள் மின்சுமை அல்ல. தந்தியின் மேலும் கீழும்போல, அலையின் குறிகள். எலக்ட்ரான் எந்த மடலிலும் எதிர்மின்சுமை உடையதுதான்.

கேள்வி: நேர்மின்சுமை எதிர்மின்சுமையை இழுக்கும் என்றால் எலக்ட்ரான் ஏன் அணுக்கருவில் போய் விழவில்லை என்று என் மகன் கேட்கிறான். வேகமாகச் சுற்றுவதால் விழவில்லை என்று சொன்னேன். அவன் ஏற்கவில்லை. நான் கணக்குப் பதிவாளர். வேதியியல் படித்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன.
(ஒரு தந்தை)

பதில்: மகன் ஏற்காதது சரி. சுற்றும் மின்சுமை ஒளியை உமிழ்ந்து ஆற்றலை இழக்கும். பழைய இயற்பியல்படி கணக்குப் போட்டால் ஹைட்ரஜன் எலக்ட்ரான் சுருண்டு சுருண்டு கருவில் விழ ஒரு நொடியில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிக நேரம்தான் ஆகும். நாம் இங்கே உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியாது.

நீங்கள் கணக்குப் பதிவாளர் என்பதால் வரவு செலவாகவே சொல்கிறேன். அலைத்தன்மை உள்ள எதையும் சிறிய இடத்துக்குள் அடைத்தால் அதன் இயக்க ஆற்றல் ஏறும். 1927-இல் ஹைசன்பர்க் சொன்ன நிச்சயமின்மைக் கோட்பாட்டின் இன்னொரு முகம் இது. இடத்தைப் பாதியாக்கினால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது, இது செலவு. கருவின் ஈர்ப்பால் கிடைக்கும் ஆற்றலோ இரண்டு மடங்குதான் ஆகிறது, இது வரவு.

தோராயமான பேரேட்டைப் பாருங்கள், எல்லாம் எலக்ட்ரான் வோல்ட்டில். 53 பிக்கோமீட்டர் அளவில்: செலவு 13.6, வரவு 27.2, மிச்சம் 13.6. அதைப் பாதியாகச் சுருக்கினால்: செலவு 54.4, வரவும் 54.4, மிச்சம் பூஜ்யம். இரண்டு மடங்காக விரித்தால்: செலவு 3.4, வரவு 13.6, மிச்சம் 10.2. சுருங்கினாலும் நட்டம், விரிந்தாலும் நட்டம். மிச்சம் அதிகமாக இருக்கும் இடத்தில் அணு நிற்கிறது. ஹைட்ரஜனிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் தேவைப்படுவதும் அந்த மிச்சத்தால்தான்.

மகன் விடாக்கண்டனாக இருந்தால் இதையும் சொல்லுங்கள்: சில அணுக்களில் எலக்ட்ரான் உண்மையிலேயே கருவுக்குள் போய்விடுகிறது. பெரிலியம்-7 என்ற ஐசோடோப்பின் கரு தன் எலக்ட்ரான் ஒன்றை விழுங்கி லித்தியம்-7 ஆகிறது. அரை ஆயுட்காலம் 53 நாட்கள். எஸ் எலக்ட்ரானுக்குக் கருவின் இடத்திலேயே அடர்த்தி உண்டு என்று மேலே சொன்னேனே, அது வெறும் கணக்கு அல்ல.

கேள்வி: "சோடியம் தன் ஒரு எலக்ட்ரானைக் கொடுத்துவிட விரும்புகிறது, குளோரின் ஒன்றை வாங்க விரும்புகிறது, இருவருக்கும் வெளி அடுக்கில் எட்டு எலக்ட்ரான் கிடைத்து மகிழ்ச்சி" என்று கதையாகச் சொன்னால் சிறுவர்களுக்குப் பிடிக்கிறது. மூத்த ஆசிரியர் ஒருவர் அப்படிச் சொல்லக் கூடாது என்று கண்டிக்கிறார். கதை சொல்வது குற்றமா?
(பணியில் சேர்ந்து ஓராண்டான ஆசிரியை)

பதில்: கதை சொல்வது குற்றம் இல்லை. ஆனால் உங்கள் கதையில் கொடுக்கல் வாங்கல் கணக்கு உதைக்கிறது.

வாயு நிலையில் தனியாக இருக்கும் சோடியம் அணுக்களிடமிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க மோலுக்கு 496 கிலோஜூல் நாம் செலவழிக்க வேண்டும். "கொடுக்க விரும்புகிற" ஆள் இவ்வளவு இழுபறி செய்வானா? குளோரின் அந்த எலக்ட்ரானை ஏற்கும்போது 349 கிலோஜூல் திரும்பக் கிடைக்கிறது. இன்னும் 147 கிலோஜூல் கடன். இதோடு கதை முடிந்தால் உப்பு என்ற பொருளே உலகில் இருக்காது. கடனை அடைப்பது அடுத்த படி: எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் நெருங்கி வரிசையாகப் படிகமாக அமையும்போது மோலுக்கு ஏறத்தாழ 787 கிலோஜூல் வெளிப்படுகிறது. எட்டு கிடைத்த மகிழ்ச்சியால் உப்பு உருவாகவில்லை. படிகத்தில் கிடைக்கும் ஈர்ப்பால் உருவாகிறது.

இன்னொன்று சொன்னால் அதிர்ச்சியாக இருக்கும். தனிச் சோடியம் அணுவிடம் கூடுதலாக ஓர் எலக்ட்ரானை நீட்டினால் அது வாங்கிக்கொள்ளும். மோலுக்கு 53 கிலோஜூல் ஆற்றலும் வெளியே வரும். விருப்பம் என்ற மொழியில் பேசினால் சோடியத்துக்குக் கொடுப்பதைவிட வாங்குவதில்தான் விருப்பம். எலக்ட்ரானுக்கும் அணுவுக்கும் ஆசை கிடையாது. ஈர்ப்பும் விலக்கும் உண்டு, அவற்றை அளக்க முடியும்.

எட்டு என்ற எண்ணைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், புளோரின் வட்டாரத்தில் அது நல்ல கைத்தடி. நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறில் இணைதிறன் எலக்ட்ரான்கள், அதாவது வெளி அடுக்கு எலக்ட்ரான்கள், மொத்தம் பதினொன்று. எப்படிப் பங்கு போட்டாலும் இருவருக்கும் எட்டு வராது. ஆனாலும் அந்த மூலக்கூறு இருக்கத்தான் செய்கிறது.

கதைக்குப் பதில் என்ன செய்வது என்றால், எண்களைக் கொடுங்கள். அலுமினியத்தின் முதல் நான்கு அயனியாக்கும் ஆற்றல்கள், அதாவது எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க மோலுக்கு ஆகும் கிலோஜூல்: 578, 1817, 2745, 11577. வேறு எதுவும் சொல்லாமல், "இந்த அணுவில் எளிதில் பிரியக்கூடிய எலக்ட்ரான்கள் எத்தனை?" என்று மட்டும் கேளுங்கள். மூன்று என்று கூடுகளின் (எலக்ட்ரான் அடுக்குகளின்) பெயரே தெரியாத பிள்ளைகூடச் சொல்லிவிடும். கூடு என்ற சொல்லை அதற்குப் பிறகு அறிமுகப்படுத்துங்கள். மூத்த ஆசிரியர் கண்டித்த முறை எப்படியோ, கண்டித்த விஷயம் சரி.

கேள்வி: மூன்றாவது கூட்டில் 18 எலக்ட்ரான்கள் கொள்ளும் என்கிறோம். பிறகு பொட்டாசியத்துக்கு 2, 8, 8, 1 என்று எழுதுகிறோம்; 2, 8, 9 ஏன் இல்லை? 4எஸ் முதலில் நிரம்புகிறது என்றால் அயனியாகும்போது அதுவே ஏன் முதலில் காலியாகிறது? குரோமியத்தின் விதிவிலக்குக்கு "பாதி நிரம்பினால் நிலைத்தன்மை அதிகம்" என்ற விளக்கம் போதுமா?
(முதுகலை ஆசிரியர்)

பதில்: ஒரே கடிதத்தில் மூன்று கேள்விகள். மூன்றுக்கும் வேர் ஒன்று.

பொட்டாசியத்தில் பத்தொன்பதாவது எலக்ட்ரான் 3டி-யில் இருப்பதைவிட 4எஸ்-இல் இருந்தால் ஆற்றல் குறைவு. 4எஸ் சராசரியாக வெளியே இருந்தாலும் அதன் ஒரு பகுதி உள்கூடுகளை ஊடுருவிக் கரு வரை எட்டுகிறது. 3டி-க்கு அந்த ஊடுருவல் இல்லை, உள் எலக்ட்ரான்கள் அதற்குக் கருவை மறைத்துவிடுகின்றன. 18 என்பது கொள்ளளவு. கொள்ளளவு இருக்கிறது என்பதற்காக அது முதலில் நிரம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இரண்டாவது கேள்விதான் ஆசிரியர்களை அதிகம் தூங்கவிடாதது. "4எஸ் முதலில் நிரம்புகிறது" என்ற வாக்கியத்தைக் கேட்டதும் ஒரு காலிக் கட்டடத்தில் குடியேற்றம் நடப்பதுபோல ஒரு காட்சி மனத்தில் வந்துவிடுகிறது. எந்த அணுவும் காலியாகப் பிறந்து எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்குவதில்லை. நிரப்பும் வரிசை என்பது பொட்டாசியம், கால்சியம், ஸ்கேண்டியம் என்று பக்கத்துப் பக்கத்து அணுக்களை ஒப்பிடும் பட்டியல். ஒவ்வோர் அடியிலும் கருவின் மின்சுமையும் ஒன்று கூடுகிறது; அதனால் கணக்கே மாறுகிறது. அயனியாக்கம் வேறு: ஒரே கரு, எலக்ட்ரான் மட்டும் குறைகிறது.

ஸ்கேண்டியத்தை எடுத்து நிதானமாக நடத்துங்கள். நடுநிலை அணுவின் வெளி அமைப்பு 3டி-யில் ஒன்று, 4எஸ்-இல் இரண்டு. ஓர் எலக்ட்ரானை நீக்கினால் 3டி-யில் ஒன்று, 4எஸ்-இல் ஒன்று. இன்னொன்றை நீக்கினால் 3டி-யில் ஒன்று மட்டும். கருவின் மின்சுமை 21 ஆனதுமே 3டி கீழே இறங்கிவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பிறகு ஏன் மூன்றுமே 3டி-க்குப் போகவில்லை? 3டி சிறிய இடம். அங்கே நெருக்கியடித்தால் ஒன்றையொன்று விலக்கும் செலவு அதிகம். 4எஸ் விசாலமானது. இரும்புக்கும் இதே நியாயம்: அணுவில் 3டி ஆறு, 4எஸ் இரண்டு, இரண்டு எலக்ட்ரான் இழந்த அயனியில் 3டி ஆறு மட்டும்.

மூன்றாவது. வரிசைப்படி 3டி நான்கு, 4எஸ் இரண்டு என்று இருக்க வேண்டிய குரோமியத்தில் 3டி ஐந்து, 4எஸ் ஒன்று. அதற்கு நேர்கீழே மாலிப்டினமும் அப்படியே. நல்லது, அதற்கும் கீழே டங்ஸ்டனைப் பாருங்கள்: 5டி நான்கு, 6எஸ் இரண்டு. பாதி நிரம்பும் நிலைத்தன்மை டங்ஸ்டனுக்கு மட்டும் மறந்துபோயிற்றா? நியோபியமோ 4டி நான்கு, 5எஸ் ஒன்று. பாதியும் இல்லை, எதுவும் இல்லை, ஆனாலும் வரிசையை மீறுகிறது. ஒரே எஸ் ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்கள் இணையும் செலவு, டி-யின் ஆற்றல், ஒரே தற்சுழற்சி உள்ளவை தனித்தனியே இருப்பதால் கிடைக்கும் சலுகை ஆகியவை ஏறத்தாழச் சமமாக நிற்கும் தராசு அது; தட்டு எந்தப் பக்கம் சாயும் என்பது அணுவுக்கு அணு மாறும். தேர்வில் "பாதி நிரம்பிய" என்று எழுதினால்தான் மதிப்பெண் என்றால் எழுதட்டும். அது முழுக் காரணம் அல்ல என்று ஒரு முறையாவது அவர்கள் காதில் போட்டு வையுங்கள்.

கேள்வி: எலக்ட்ரான் உண்மையிலேயே பம்பரம்போலத் தன்னைத்தானே சுற்றுகிறதா?
(பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்)

பதில்: இல்லை, தம்பி. 1922-இல் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களின் கற்றையைச் சீரற்ற காந்தப்புலம் வழியே அனுப்பினார்கள்; கற்றை இரண்டாகப் பிரிந்தது. 1925-இல் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் எலக்ட்ரானுக்கே உரிய ஒரு கோண உந்தம் உண்டு என்றார்கள். அது இருக்கிறது, காந்தமாகச் செயல்படுகிறது, இரண்டே மதிப்புகள் கொண்டது. ஆனால் ஒரு குட்டிப் பந்து சுழல்வதாகக் கணக்குப் போட்டால் அதன் மேற்பரப்பு ஒளியைவிட வேகமாக ஓட வேண்டியிருக்கும். தற்சுழற்சி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, பம்பரம் போய்விட்டது. மேலும் கீழும் அம்புக்குறி போடு, அது போதும்.

கேள்வி: ஆர்பிட்டால்கள் நிரம்பும் வரிசையை மனப்பாடம் செய்ய எளிய வாய்ப்பாடு ஏதாவது உண்டா?
(பெயர் குறிப்பிடாத வாசகர்)

பதில்: தனிம அட்டவணைதான். இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாகப் படியுங்கள். இடப்பக்கம் இரண்டு கட்டங்கள் எஸ், வலப்பக்கம் ஆறு கட்டங்கள் பி, நடுவில் பத்து கட்டங்கள் டி, கீழே தனியாக வைத்திருக்கும் பதினான்கு கட்டங்கள் எஃப். தேர்வு அறையில் அட்டவணை கொடுத்துவிட்டு, குறுக்கு அம்புகள் போட்ட அந்த முக்கோணப் படத்தையும் மனப்பாடம் செய்யச் சொல்லும் வழக்கம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கேள்வி: சுடர் சோதனையை வகுப்பில் செய்து காட்ட ஆசை. தட்டுகளில் மெத்தனால் ஊற்றி, உப்புகளைப் போட்டு, வரிசையாக வண்ணச் சுடர் எரிவதை ஒரு காணொளியில் பார்த்தேன். செய்யலாமா?
(ஓர் ஆசிரியர்)

பதில்: வேண்டாம். வேண்டவே வேண்டாம். மெத்தனாலின் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றப் போகும்போது தீ ஆவியைப் பிடித்துக்கொண்டு புட்டிக்குள் ஏறும். புட்டி தீயை முன்வரிசையின் மேல் பீய்ச்சும். பிள்ளைகள் மோசமாக வெந்துபோன விபத்துகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. நானும் ஒருமுறை அப்படி ஊற்றியவள். அன்று முன்வரிசையை வேறு காரணத்துக்காகக் காலி செய்திருந்தேன்; என் புருவத்தோடு போயிற்று. அந்த வேறு காரணம் இல்லாதிருந்தால் என்று நினைத்தால் இன்றும் கை சில்லிடுகிறது.

மரக்குச்சிகளை முந்தைய நாளே உப்புக் கரைசல்களில் ஊறவைத்துவிடுங்கள். மறுநாள் பன்சன் விளக்கின் நீலச் சுடரில் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். ஈரம் இருக்கும் வரை குச்சி எரியாது, நிறம் மட்டும் வரும். எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். லித்தியம் கருஞ்சிவப்பு, 671 நானோமீட்டர். சோடியம் மஞ்சள், 589. பொட்டாசியத்தின் வெளிர் ஊதாவை நீலக் கோபால்ட் கண்ணாடி வழியாகப் பாருங்கள். செம்பின் பச்சையைக் காட்டும்போது மட்டும் அடக்கி வாசியுங்கள். அந்த நிறம் பெரும்பாலும் சுடரில் உருவாகும் செம்புச் சேர்மங்களின் மூலக்கூறுகளிலிருந்து வருவது, தனி அணுவின் கோடு அல்ல. கோடுகளைப் பார்க்க வேண்டுமானால் பழைய குறுந்தகடு ஒன்று போதும். அதன் தடங்கள் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் இருப்பதால் ஒளியைப் பிரித்துவிடும். சூரியனை மட்டும் அதில் பார்க்க விடாதீர்கள்.

சோடியத்தைக் கடைசியில் வையுங்கள். ஒரு துளி பட்டாலும் மற்ற எல்லா நிறத்தையும் விழுங்கிவிடும். குச்சிக்குப் பதில் கம்பி வளையம் பயன்படுத்துகிறீர்கள் என்றால், லித்தியத்துக்கும் மஞ்சள் வருகிறதே என்று உப்புப் புட்டியைச் சந்தேகிக்காதீர்கள். கம்பியின் நுனியை வியர்த்த விரலால் தொட்டது யார் என்று விசாரியுங்கள்.